செயற்கை ஈ கட்டுதல்

செயற்கை ஈ கட்டுதல் என்பது இறகு, உரோமம், பட்டு நூல், சரிகை முதலியவற்றைத் தூண்டில் முள்ளின் மீது நூலால் சுற்றிக் கட்டி, மீன் உண்ணும் பூச்சியைப் போன்ற தோற்றத்தை உருவாக்கும் கைவினை ஆகும். இவ்வாறு கட்டப்பட்ட முள் செயற்கை ஈ அல்லது தூண்டில் ஈ எனப்படும். இங்கு ஈ என்பது வீட்டு ஈயை மட்டும் குறிப்பதன்று. மே ஈ, கேடிஸ் ஈ, கல் ஈ போன்ற நீர்ப்பூச்சிகளும், அவற்றின் இளம் பருவங்களும், சிறு மீன்களின் போலிகளும் இப்பெயரிலேயே அடங்கும். டிரௌட், கிரேலிங், சால்மன் ஆகிய குளிர்நீர் மீன்களைப் பிடிக்க ஐரோப்பாவில் வளர்ந்த இக்கலையில், தென்னிந்தியப் பறவை ஒன்றின் இறகு முக்கிய இடம் பெற்றது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மலைகளிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியே அப்பறவை.

அடிப்படைத் தத்துவம்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடையோ இரையின் எடையோ நூலை இழுத்துச் செல்கிறது. செயற்கை ஈ மிகவும் இலேசானது. அதைத் தனியாக எறிய முடியாது. எனவே இம்முறையில் நூலே தடிமனாகவும் எடையுள்ளதாகவும் செய்யப்படுகிறது. நீண்ட, வளையும் கோலை முன்னும் பின்னும் வீசும்போது நூலின் எடை ஈயைத் தூக்கிச் செல்கிறது. தடித்த நூலின் நுனிக்கும் ஈக்கும் இடையே, மீனின் கண்ணில் படாதவாறு, மெல்லிய நைலான் நரம்பு இணைக்கப்படும்.

டிரௌட்டும் கிரேலிங்கும் ஆற்றில் மிதந்து வரும் பூச்சிகளை உண்பவை. ஆகவே அவ்வேளையில் நீரில் உள்ள பூச்சியின் அளவு, நிறம், நடமாட்டம் ஆகியவற்றை ஈ ஒத்திருக்க வேண்டும். அட்லாண்டிக் சால்மனின் நிலை வேறு. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்தபின் அது பொதுவாக உணவு உண்பதில்லை. ஆயினும் ஈயைக் கவ்வுகிறது. சினம், பழக்கம், ஆர்வம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எந்தப் பூச்சியையும் போன்றிராத, பல வண்ண சால்மன் ஈக்கள் தோன்றியதற்கு இதுவே காரணம் ஆகும்.

வரலாறு

கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஏலியன் என்பவர், மாசிடோனிய மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரு இறகுகளைப் பொருத்தி மீன் பிடித்ததை எழுதியுள்ளார். 1496 இல் இங்கிலாந்தில் அச்சான, ஜூலியானா பெர்னர்ஸ் பெயரால் வழங்கும் தூண்டில் நூலில் 12 ஈக்கள் விவரிக்கப்பட்டுள்ளன. 1886 இல் பிரெடரிக் ஹால்போர்டு நீர்மேல் மிதக்கும் ஈக்களைப் பற்றியும், 1910 இல் ஜி. இ. எம். ஸ்கியூஸ் நீருக்குள் அமிழும் ஈக்களைக் கொண்டு மீன்பிடிக்கும் முறை பற்றியும் நூல் வெளியிட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் பேரரசின் துறைமுகங்கள் வழியே உலகின் பல பகுதிகளிலிருந்து பறவைத் தோல்கள் இலண்டனுக்கு வந்தன. அவற்றைக் கொண்டு 'ஜாக் ஸ்காட்' போன்ற சிக்கலான சால்மன் ஈக்கள் உருவாயின. ஜார்ஜ் கெல்சன் 1895 இல் வெளியிட்ட நூல் இவ்வகை ஈக்களுக்கான முதன்மைக் கையேடாகக் கருதப்படுகிறது.

கருவிகளும் பொருட்களும்

* வைஸ்: முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சிறு பிடிகருவி.
* பாபின்: நூல்கண்டைத் தாங்கி, நூலை ஒரே இழுவிசையில் விடும் கருவி. தறியிலும் தையல் இயந்திரத்திலும் உள்ள பாபினின் பெயரே இதற்கும் வழங்குகிறது. ஆனால் இது குழாய் பொருத்திய கைக்கருவி ஆகும்.
* இறகு இடுக்கி: இறகின் நுனியைப் பிடித்து முள்ளைச் சுற்றிக் கொண்டுவர உதவுவது.
* முள்: எண் கூடக்கூட முள் சிறியதாகும். 8 ஆம் எண் முள்ளைவிட 16 ஆம் எண் முள் சிறியது.
* உடலுக்கு: பட்டு நூல், முயல் உரோமம், மயிற்பீலியின் இழைகள்.
* மினுமினுப்புக்கு: தட்டைச் சரிகை. இது சேலைக் கரையில் நெய்யப்படும் சரிகைக்கு நெருங்கிய உறவுடையது.
* கால்களுக்கும் சிறகுக்கும்: கோழி, வாத்து, கவுதாரி முதலியவற்றின் இறகுகள்.

கோழியின் கழுத்திறகு

இக்கலையில் மிகுதியாகப் பயன்படுவது கோழியின் கழுத்திறகு. வளர்ந்த சேவலின் இறகிழைகள் விறைப்பானவை, பளபளப்பானவை, நீரை எளிதில் ஏற்காதவை. அவற்றை முள்ளைச் சுற்றிக் கட்டினால் இழைகள் விரிந்து நின்று ஈயை நீர்மேல் தாங்குகின்றன. பெட்டைக்கோழியின் இறகிழைகள் மென்மையானவை. நீரை உறிஞ்சி அமிழ்ந்து, ஓட்டத்தில் உயிருள்ள கால்களைப் போல அசைகின்றன. எனவே மிதக்கும் ஈக்குச் சேவல் இறகும், அமிழும் ஈக்குப் பெட்டை இறகும் ஏற்றவை.

நாமக்கல் வட்டாரம் இந்தியாவின் முன்னணி முட்டை உற்பத்திப் பகுதிகளுள் ஒன்று. எனினும் மிதக்கும் ஈக்கான இறகு இங்குள்ள பண்ணைகளில் கிடைப்பதில்லை. முட்டைப் பண்ணைகளில் பெட்டைகளே வளர்க்கப்படுகின்றன. ஆண் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே பிரிக்கப்பட்டுவிடும். இறைச்சிக் கோழிகளோ சில வாரங்களிலேயே விற்கப்படுகின்றன. நல்ல கழுத்திறகு முற்ற ஒரு சேவலை ஏறத்தாழ ஓர் ஆண்டு வளர்க்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1989 இல் தொடங்கப்பட்ட வைட்டிங் பண்ணை போன்றவை இறகுக்காகவே சேவல்களைத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்கின்றன. முட்டைப் பண்ணைப் பெட்டைகளின் இறகு அமிழும் ஈக்குப் போதுமானது.

சாம்பல் காட்டுக்கோழி

சாம்பல் காட்டுக்கோழி தீபகற்ப இந்தியாவுக்கே உரிய பறவை ஆகும். சேர்வராயன் மலை, கொல்லி மலை உள்ளிட்ட காடுகளில் இது காணப்படுகிறது. சேவலின் கழுத்திறகுகளின் தண்டு நுனிப்பக்கம் தட்டையாக விரிந்து, மெழுகுத்துளி போன்ற வெண்மையும் மஞ்சளுமான புள்ளிகளாகிறது. இப்புள்ளி அரக்கு பூசியதுபோல் கடினமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஈயின் தலைக்கு இருபுறமும் இவ்விறகை வைத்துக் கட்டும்போது அது சிறு மீனின் கண்ணைப் போலத் தோன்றுகிறது. பழைய சால்மன் ஈக்கள் பலவற்றின் செய்முறையில் இது இடம்பெற்றுள்ளது.

இறகுக்காகப் பறவைகள் பெருமளவில் கொல்லப்பட்டதை அடுத்து, 1902 இல் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரித்தானியாவில் 1921 இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சாம்பல் காட்டுக்கோழியை வேட்டையாடுவதும், அதன் இறகை விற்பதும் குற்றமாகும். இன்று வெளிநாடுகளில் சட்டப்படி விற்கப்படும் இறகு, அங்கு கூண்டில் வளர்க்கப்படும் பறவைகளிலிருந்து பெறப்படுவது. பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாற்றுப்பொருட்களும் உள்ளன. மயிலிறகையும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது.

தடைகளுக்குப் பின்னரும் அரிய இறகுகளின் மீதான ஆசை மறையவில்லை. 2009 ஜூன் மாதம் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. திருடியவர் சால்மன் ஈ கட்டுவதில் தேர்ந்த ஓர் இசை மாணவர். ஆல்பிரட் ரசல் வாலஸ் சேகரித்த பறவைகளும் அவற்றில் அடங்கும். மீட்கப்பட்டவற்றுள் பலவற்றில் சேகரித்த இடமும் நாளும் குறித்த சீட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. சீட்டு இல்லாத தோல் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவதில்லை.

காட்டுக்கோழிக்கும் பண்ணைக்கோழிக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது.

எளிய ஈ ஒன்றைக் கட்டும் முறை

பின்வருவது பெட்டைக்கோழி இறகால் கட்டும் அமிழும் ஈ ஆகும்.

1. 12 அல்லது 14 ஆம் எண் முள்ளை வைஸில் பொருத்த வேண்டும். தண்டு கிடைமட்டமாக இருக்க வேண்டும்.
2. முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னே தொடங்கி, வளைவு வரை நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வெறும் உலோகத்தின்மேல் கட்டுபவை வழுக்கிச் சுழலும் என்பதால் இச்சுற்று தேவை.
3. வளைவருகே ஒரு பட்டு இழையைக் கட்டியபின், கட்டும் நூலை முன்னோக்கிக் கொண்டுவந்து, பட்டை அதன்மேல் சீராகச் சுற்றி உடலை உருவாக்க வேண்டும்.
4. உடலின் முன்புறத்தில் மயிற்பீலி இழையை மூன்று சுற்று சுற்றி மார்புப்பகுதி அமைக்க வேண்டும்.
5. இறகின் அடியிலுள்ள பஞ்சு போன்ற பகுதியை நீக்கி, மீதியைக் கட்டி, இடுக்கியால் பிடித்து இரண்டு சுற்று மட்டும் சுற்ற வேண்டும். சுற்று மிகுந்தால் ஈ அமிழத் தாமதமாகும்.
6. மிஞ்சியதை வெட்டி, நூலால் சிறு தலை அமைத்து, நுனியை அச்சுற்றுகளுக்கு அடியிலேயே செலுத்தி முடிச்சிட்டு, வார்னிஷ் ஒரு துளி இட வேண்டும்.

கண்ணருகே இடம் விடாமல் கட்டுவது தொடக்கநிலையில் பெரும்பாலோர் செய்யும் பிழை. அவ்வாறு கட்டினால் நரம்பைக் கோக்கத் துளை இராது.

தமிழகத்தில்

டிரௌட்டுக்கு ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் குறைவான, ஆக்சிசன் நிறைந்த நீர் வேண்டும். கோடையில் 40 பாகையை நெருங்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் அது வாழ இயலாது. நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே மேற்கொண்ட அறிமுக முயற்சிகள் வெற்றி பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வானவில் டிரௌட்டை நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது.

சமவெளியில் மேட்டூர் அணையிலும் காவிரியிலும் மீனவர்கள் பரிசலில் சென்று வலை வீசுகின்றனர். தூண்டிலிடுவோர் மண்புழுவையும் மாவு உருண்டையையும் பயன்படுத்துகின்றனர். செயற்கை ஈ இங்கு வழக்கில் இல்லை. எனினும் இந்திய மீன்களும் ஈயைக் கவ்வும். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873 இல் வெளியிட்ட நூலில் மகாசீரைத் தூண்டிலிடும் முறைகளை விரிவாக எழுதினார். காவிரி ஆற்றுப்படுகைக்கே உரிய திமில் மகாசீர் 2018 இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. எனவே அதை இன்று பிடிப்பது பொருத்தமன்று.

இவற்றையும் பார்க்க

* சாம்பல் காட்டுக்கோழி
* மகாசீர்
* மேட்டூர் அணை
* கொல்லி மலை