வேரோடிய நம்பிக்கை

வாதத்திலே தோற்றவர் அரசியலைப் பற்றிய தமது கருத்தை மாற்றிக்கொள்வதுண்டு. அயலவரும் இரண்டு நாள் பேசிவிட்டு அதனை மறந்துவிடுவர். ஆனால், சமய நம்பிக்கை மட்டும் வாதத்துக்கும் வாளுக்கும் எளிதில் அசைவதில்லை. இதற்குக் காரணம் அறியாமையே என்பர் சிலர். அவ்விடை போதாது என்பதை யப்பானிய வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமக்கு உணர்த்துகின்றது.

1549ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் சவேரியார் யப்பானிலே கத்தோலிக்க சமயத்தைப் போதிக்கத் தொடங்கினார். 1614இல் அந்நாட்டு ஆட்சியாளர் அச்சமயத்தை நாடெங்கும் தடை செய்தனர். குருமார் துரத்தப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். பின்னர், நாகசாகிப் பகுதி மக்கள் இயேசுவின் உருவமோ மரியாளின் உருவமோ பொறித்த தகட்டை ஆண்டுதோறும் காலால் மிதித்து, தாம் கிறிஸ்தவர் அல்லர் எனக் காட்டவேண்டியதாயிற்று.

அம்மக்கள் தகட்டை மிதித்தனர். வீடு திரும்பி மன்னிப்பு வேண்டிச் செபித்தனர். கன்னோன் என்னும் பௌத்தரின் கருணைத் தெய்வச் சிலையையே மரியாளாகப் பாவித்து வணங்கினர். குருவில்லாக் குறையை நீக்க, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஊரிலே ஒருவரையும், திருநாட்களைக் கணித்துச் சொல்ல இன்னொருவரையும் நியமித்துக்கொண்டனர். செபங்கள் மூத்தோர் வாயிலிருந்து இளையோர் செவிக்கு இரகசியமாக இறங்கின.

1865 மார்ச் 17ஆம் திகதி, நாகசாகியிலே புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா ஆலயத்துக்கு உராகமிக் கிராமத்தவர் சிலர் வந்தனர். பெத்திஜான் என்னும் பிரெஞ்சுக் குருவை அணுகி, தாமும் அவரும் ஒரே உள்ளத்தினர் என மெல்லக் கூறினர். 250 ஆண்டுத் தடை அவர்களை மாற்றவில்லை. அதன் பின்னரும் உராகமி மக்கள் 3,000 பேருக்கு மேல் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். 1873இலேதான் தடை நீங்கியது.

நாம் ஊன்றிச் சிந்திக்கவேண்டியது இதன் பின் நிகழ்ந்ததையே. சுதந்திரம் கிடைத்ததும் எல்லோரும் கத்தோலிக்க திருச்சபையிலே சேர்ந்துவிடவில்லை. செபங்களின் சொற்கள் உருமாறிவிட்டன என்று குருமார் எடுத்துரைத்தும், முன்னோர் உயிரைப் பணயம் வைத்துக் காத்த முறையைக் கைவிடப் பலர் இசையவில்லை. அவர்கள் பற்றி நின்றது கோட்பாட்டை மட்டுமெனில், அதனைத் திருத்தக் குருவே வந்தபோது திருந்தியிருப்பர் அன்றோ? அவர்கள் காத்தது பாட்டன் பாட்டியின் குரலையுமாகும். வாளுக்குத் தேயாத அம்முறை, இளைஞர் தொழில் நாடி நகரங்களுக்குச் சென்று கிராமங்கள் மெலிந்தபோது தானே தேய்ந்தது.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தையும் சைவ வழிபாட்டையும் தடுத்துத் தமது சபையிலே மக்களைப் பதிந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்த பின், ஏட்டிலே பதியப்பட்ட அப்பெருந்தொகை விரைவிலே கரைந்துபோயிற்று. கோயில்கள் மீண்டும் எழுந்தன.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? நம்பிக்கை தலைக்குள்ளே தனித்திருக்கும் ஓர் எண்ணமன்று. பெயர் சூட்டுவதிலும், மணவறையிலும், ஈமக்கடனிலும், தாயின் தாலாட்டிலும் அது பின்னிக்கிடக்கின்றது. ஒருவரை அதனை விடும்படி கேட்பது, அவர் தம் தாயைப் பிழையென்று சொல்லவேண்டும் என்று கேட்பதற்கு ஒப்பாகும். சுற்றத்தை இழக்கவும் துணியவேண்டும் என்பதற்கும் ஒப்பாகும்.

ஆதலால், படித்த பிள்ளைகள் பெற்றோரின் வழிபாட்டைப் பரிகசிப்பதனாற் பயனில்லை. பரிகாசம் பற்றை இறுக்கவே செய்யும். அவ்வாறே, ஐயம் எழுப்பும் பிள்ளையை அதட்டி அடக்கும் பெற்றோரும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அச்சத்தினாலே தகட்டை மிதிக்கச் செய்யலாம். உள்ளத்தை மாற்ற இயலாது. கேள்வி கேட்டாலும் வீட்டிலே தனக்கு இடமுண்டு என்று அறிந்த பிள்ளையே, முன்னோர் நம்பிக்கையை ஏற்பதாயினும் விடுவதாயினும், அதனை உண்மையோடு செய்ய வல்லது.