காவலைத் தாண்டும் கலம்

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதாலதானே சேர் கேன்சர் வாறது?"

முகத்துவாரத்தில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்திலிருந்து இன்றுவரை நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் அநேகமாக விடையையும் கையோடு கொண்டு வருவார்கள். தேன், கருஞ்சீரகம், கட்டு அனோதா இலைக் கசாயம். சக்தியைக் கூட்டினால் நோய் ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. தேனையும் கருஞ்சீரகத்தையும் நான் குறை சொல்ல வரவில்லை. என் வீட்டிலும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கை நம்பி, மஹரகமவுக்குப் போவதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். வாயில் ஒரு சிறு புண்ணோடு இருந்த ராத்தா ஒருவர், கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் போனார். ஆகவே இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

நம் உடலில் கலங்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் பரம்பரையலகுகளைப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் பிழை விழும். பெரும்பாலான பிழைகளைக் கலமே திருத்திக்கொள்ளும், அல்லது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதற்கும் தப்பியவற்றில் பலவற்றை நிர்ப்பீடனத் தொகுதி கண்டுபிடித்துக் கொல்கிறது. அதாவது, நோய் வருவதற்கு முன்னரே சண்டை தொடங்கிவிடுகிறது.

இதற்கு 2003இல் பதிவான ஒரு சம்பவம் நல்ல சாட்சி. ஸ்கொட்லாந்தில் இறந்துபோன ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. இருவருக்குமே மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தது. தேடிப் பார்த்தபோது, சிறுநீரகம் கொடுத்தவருக்குப் பதினாறு வருடங்களுக்கு முன்பு அதே நோய்க்குச் சிகிச்சை நடந்திருந்தது. அவர் குணமானவராகத்தான் வாழ்ந்தார். சில கலங்கள் மட்டும் அவர் உடலில் அடங்கிக் கிடந்திருக்கின்றன. அவருடைய நிர்ப்பீடனம் அவற்றைக் கொல்லவும் இல்லை, வளர விடவும் இல்லை. உறுப்பைப் பெற்றவர்களோ நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து எடுப்பவர்கள். காவல் தளர்ந்த இடத்தில் அந்தக் கலங்கள் எழும்பிவிட்டன.

அப்படியானால் "சக்தி குறைஞ்சதாலதான்" என்பது சரிதானே என்று கேட்கலாம். உறுப்பு மாற்றியவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் விடயத்தில் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நிர்ப்பீடனம் ஒழுங்காகவே இயங்குகிறது. தடிமன் வந்தால் மாறுகிறது, கையில் வெட்டினால் ஆறுகிறது. அப்படிப்பட்ட உடலுக்குள்ளேதான் கட்டி வளர்கிறது. காவல் பலவீனமாக இருக்கவில்லை. அதை ஏமாற்றியிருக்கிறார்கள்.

எப்படி? யுத்த காலத்துக் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சோதனைச் சாவடி, அடையாள அட்டை, இரண்டும் நமக்குப் பழக்கம்தானே.

நம் ஒவ்வொரு கலமும் தனக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே உற்பத்தியாகும் புரதங்களின் சிறு துண்டுகளை ஒரு தாங்கியில் வைத்து மேற்பரப்பில் நீட்டுகிறது. இது அதன் அடையாள அட்டை. ரீ-கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் ஊர் சுற்றி அட்டைகளைப் பார்க்கின்றன. வைரசின் துண்டோ, பிழையான புரதத்தின் துண்டோ கண்ணில் பட்டால் அந்தக் கலத்தைக் கொல்கின்றன. புற்றுநோய்க் கலம் செய்யும் முதல் தந்திரம், அட்டையை ஒளித்துவிடுவது. தாங்கியைச் செய்யும் பரம்பரையலகையே இழந்துவிடும் கட்டிகள் உண்டு. ரீ-கலம் பக்கத்தில் வந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் இயற்கைக் கொல்லிக் கலம் என்று இன்னொரு காவல் இருக்கிறது. அதன் விதி நேர்மாறானது. அட்டையே காட்டாதவனைத்தான் அது பிடிக்கும். இதற்கும் சில கட்டிகள் வழி வைத்திருக்கின்றன. கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளை பாதி தகப்பனுடையது. தாயின் நிர்ப்பீடனத்துக்கு அந்நியம். தாயின் உடல் அதைத் தாக்காமலிருக்க, நச்சுக்கொடி ஒரு விசேட அட்டையைக் காட்டுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான அந்த ஏற்பாட்டையே களவாடிக் காட்டுகின்ற புற்றுநோய்க் கலங்கள் இருக்கின்றன. வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதிகம் பேசப்படும் தந்திரம் வேறு. ரீ-கலம் கட்டுக்கடங்காமல் கொன்றுகொண்டே போனால் நம் சொந்த உடலையே நாசமாக்கிவிடும். அதற்காக அதில் தடைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் பீ.டீ.-1. ஜப்பானில் தசுகு ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் 1992இல் கண்டுபிடித்தது. இதை அழுத்தும் விரல் போன்ற ஒரு புரதத்தை (பீ.டீ.எல்.-1) சாதாரண கலங்களும் தேவைப்படும்போது காட்டும்: "போதும், நிறுத்து." புற்றுநோய்க் கலமும் அதையே நீட்டுகிறது. ரீ-கலம் எதிரியை அடையாளம் கண்டுவிட்டது, கிட்டவும் வந்துவிட்டது, ஆனால் கை ஓங்காமல் நின்றுவிடுகிறது. இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், தாக்க வரும் ரீ-கலம் சுரக்கும் இன்டர்பெரோன் காமா என்ற பொருளே, அந்த விரலை இன்னும் அதிகமாக நீட்டும்படி கட்டியைத் தூண்டுகிறது. தாக்குதல் கூடக்கூட தடையும் கூடுகிறது. "சக்தியைக் கூட்டினால் சரி" என்ற கணக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது.

இவை போதாதென்று, ரீ-கலங்களை அடக்கி வைப்பதற்கென்றே உடலில் உள்ள ஒழுங்காக்கும் ரீ-கலங்களையும் கட்டி தன் பக்கம் அழைத்துக்கொள்கிறது. அந்தக் கலங்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025ஆம் ஆண்டு நோபல் பரிசு சென்றது. குளுக்கோசைத் தானே உறிஞ்சி, சுற்றுப்புறத்தை அமிலமாக்கி, வந்த காவலனைப் பட்டினி போடுவதும் நடக்கிறது.

தந்திரம் தெரிந்ததும் மருந்துக்கு வழி பிறந்தது. நோய்க் கலத்தைக் கொல்லத் தேவையில்லை, தடையை எடுத்துவிட்டால் போதும் என்று யோசித்தார்கள். அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் இன்னொரு தடையில் இதைச் செய்துகாட்டினார். அவ்வழியில் வந்த முதல் மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவருக்கும் ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு. இந்த மருந்துகள் எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் சிலருக்கு வருடக்கணக்கில் ஆயுள் தருகின்றன. தடையில்லாத ரீ-கலங்கள் சிலவேளை குடலையும் நுரையீரலையும் தைரொயிட்டையும் தாக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விலைதான் நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பெரிய சுவர். இந்த இடத்தில் மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை செய்த ஒரு வேலையை மெச்சாமல் இருக்க முடியாது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு, 2022இல் வெளியானது. எல்லோருக்கும் வாயால் எடுக்கும் மலிவான மாத்திரைகள். ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடவே நிவோலுமாப் என்ற தடைநீக்கி மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம். வழக்கமாகக் கொடுப்பது இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு! ஒரு வருடம் கழித்து மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் உயிரோடிருந்தார்கள். நிவோலுமாப் சேர்த்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர். இது முழுச் சுகம் அல்ல. ஆனாலும் கைக்கெட்டாத மருந்தை எட்டச்செய்யும் யோசனை நம் பக்கத்து நாட்டிலிருந்தே வந்தது.

அந்த ஆய்வு நமக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். காரணமும் ஒளிவுமறைவில்லை: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, அதோடு சிகரெட்டும் மதுவும். "பொயிலை போடாட்டி ஒண்ணும் செய்யாது" என்று மூத்தம்மாமார் சொல்வது சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. பாக்கு கன்னத்தின் உட்பக்கத்தை நாராக இறுக்குகிறது. வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போகிறது. அந்த இறுகிய இடத்தில் வருடக்கணக்கில் காயமும் அழற்சியும் நீடிக்க, பிழையான கலங்கள் ஒவ்வொரு தந்திரமாகப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

ஆனால் வாய் வயிற்றைப் போலல்ல. கண்ணாடியில் பார்க்கக்கூடிய இடம். காவலைத் தாண்டுவதற்கு முன்பே அந்தக் கலங்கள் வெள்ளைத் தழும்பாகவோ சிவப்புத் தழும்பாகவோ தெரியத் தொடங்கலாம். சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களாலேயே இவற்றைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை 1980களில் இந்த நாட்டிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில் கன்னம் இரண்டும், நாக்கின் ஓரம், நாக்குக்குக் கீழ் எல்லாம் பாருங்கள். மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றாலோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலோ, நோகவில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஆரம்பத்தில் அது நோவதில்லை. பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் காட்டினால் போதும், அங்கிருந்து அனுப்ப வேண்டிய இடத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள்.