நிரல் பொது, பேர் பொது இல்லை

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆனா அந்தப் பேரும் நரி லோகோவும் மொஸில்லாவின் வணிகமுத்திரை. மாற்றாத அசல் பிரதியை அதே பேரில் இலவசமாகப் பகிரலாம். உள்ளே கை வைத்தால் அனுமதி வாங்கணும், இல்லேன்னா வேற பேர் வைக்கணும்.

ஏட்டளவு விதின்னு நினைக்காதீங்க. டெபியன் என்ற லினக்ஸ் குழு, தான் திருத்தி வெளியிட்ட ஃபயர்ஃபாக்ஸுக்கு 2006-ல் 'ஐஸ்வீசல்' என்று பேர் மாற்ற வேண்டியதாயிற்று. பழைய பேர் திரும்பியது 2016-ல்தான்!

நமக்கு இதில் என்ன? பிரவுசரில்தான் வரி கட்டுறோம், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம், பாஸ்வேர்டு போடுறோம். அசல் பேரில் யாரோ மாற்றிய பிரதி வந்தா, உள்ளே என்ன சேர்த்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்? ப்ளே ஸ்டோரில் வெளியிட்டவர் பேர் 'மொஸில்லா' தானா என்று பார்த்துட்டு டவுன்லோடு பண்ணுங்க. காசு கேட்டால் விட்டுடுங்க. ஃபயர்ஃபாக்ஸுக்குக் கட்டணம் கிடையாது.