மர்மத் தொடர்களில் முதலிடம் எதற்கு?

தமிழ்ச் சின்னத்திரையின் தலைசிறந்த மர்மத் தொடர் எது? ரசிகர்கள் கூடிவிட்டால் இந்தப் பட்டிமன்றம் லேசில் முடியாது. நாற்பதைத் தாண்டியவர்கள் 'விடாது கருப்பு' என்பார்கள். 1990களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் ஒன்று. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. இளையவர்கள் 2022இல் வந்த 'சுழல்' பக்கம்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஊர்த்தெய்வம். 'சுழலி'ல் விசாரணை மயானக் கொள்ளைத் திருவிழாவோடு பின்னிச் செல்கிறது. 'விடாது கருப்பி'லோ, தப்பு செய்தவரைத் தண்டிப்பது குதிரையேறி வரும் கருப்பசாமியா, மனிதக் கையா என்பதே புதிர். பார்க்காதவர்களுக்காக விடையை இங்கே சொல்லாமல் விடுவதே நியாயம்.

வலங்கைமான் ஊர் மக்களுக்கு ஊர்த்தெய்வங்களின் இந்த உலகம் அந்நியமில்லை. அங்குள்ள பாடைகட்டி மாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழா வந்தால், நோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாகப் பாடையில் கண்மூடிப் படுப்பார்கள். தப்பட்டை முழங்க, உறவினர்கள் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். வலம் முடிந்ததும் பாடையில் கிடந்தவர் எழுந்து நடப்பார். அதைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்தவர்கள் முதலிடத்தைத் தயங்காமல் கருப்புக்கே கொடுப்பார்கள்.