கையால் கட்டிய ஆம்ப்: செய்யச் சொல்லும் முன்

கிட்டாரும் கையுமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, இருக்கிற ஆம்ப்ளிஃபையரையெல்லாம் வாசித்துப் பார்த்துவிட்டு, "அந்தப் பழைய சத்தம் இதில் வரவில்லையே" என்று வெறுங்கையோடு திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நமக்கென்று ஒன்றைச் செய்து வாங்கினால் என்ன என்ற யோசனையும் வந்திருக்கும். வாங்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அது பெரிய கஷ்டமும் இல்லை. ஆனால் செய்பவர் உங்களிடம் சில கேள்விகள் கேட்பார். "உங்க இஷ்டம் அண்ணே" என்று சொல்லிவிட்டால், பிறகு பல வருடம் அவருடைய இஷ்டத்தோடுதான் நீங்கள் குடித்தனம் நடத்த வேண்டும்.

முதலில், பழைய பாணி ஆம்ப் என்றால் என்ன? உள்ளே டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வால்வு (காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய், மின்சாரத்தைப் பெருக்கித் தரும்) இருப்பது. பாட்டி வீட்டு வானொலியை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே செம்மஞ்சளாக ஏதோ கனன்று, அரை நிமிடம் கழித்துத்தான் குரல் வரும். அதே பொருள்தான். லியோ ஃபெண்டர் 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் திறந்ததே வானொலி பழுதுபார்க்கும் கடைதான். ஐம்பதுகளில் அவர் விற்ற ஆம்புகளின் வயிற்றைத் திறந்தால், ஒரு நல்ல வானொலியின் பாதி உள்ளே இருக்கும்.

"ட்வீட்", "ப்ளெக்ஸி" என்கிறார்களே? ட்வீட் என்றால் ஐம்பதுகளின் ஃபெண்டர். பெட்டியை மூடியிருந்த துணியால் வந்த பெயர். ப்ளெக்ஸி என்றால் அறுபதுகளின் மார்ஷல். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகையால் வந்தது. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் இருந்தவர்கள் ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்துத்தான் தங்கள் முதல் ஆம்பான ஜேடிஎம்45ஐச் செய்தார்கள். ஆக, கையால் செய்பவர்களின் பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும், அதில் பெரும்பகுதி ஏழெட்டுப் பழைய வரைபடங்களைச் சுற்றியே ஓடும்.

அப்படி நகலெடுப்பது குற்றமாகாதா? அந்தக் காலத்துக் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. பெயரும் சின்னமும் மட்டும் இன்றும் நிறுவனங்களின் சொத்து. அதனால் உங்கள் பெட்டியில் ஃபெண்டர் பெயர்ப்பலகை ஒட்டித் தரச் சொல்லாதீர்கள்.

சரி, எத்தனை வாட் கேட்பது? பலரும் தவறுவது இங்கேதான். வாட் கூடினால் சத்தமும் அதே அளவு கூடும் என்று நினைக்கிறோம். நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 50 வாட் ஆம்ப் உங்கள் காதுக்கு 5 வாட் ஆம்பைப் போல இரண்டு மடங்குதான்.

இன்னொரு விஷயம். வால்வு ஆம்பின் அந்தக் கரகரத்த இனிமை, அதைத் திணறும் அளவுக்குத் திருகினால்தான் வரும். தாமானில் இருக்கும் இணைப்பு வீட்டில், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும்போது 50 வாட்டைத் திணற வைக்க முடியுமா? நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 97 டெசிபெலை ஒட்டிச் சத்தம் போடும். அது காதை அடைக்கும் சத்தம். வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு 5 வாட் போதும். அதையே சில நாள் அதிகம் என்பீர்கள்.

கல்யாண மண்டபத்தில் இசைக்குழுவோடு வாசிப்பவர் என்றால்? அங்கே பெரும்பாலும் ஆம்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்து மிக்சருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் 12 முதல் 22 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த வகை என்பதில் கவனம் வேண்டும். 12 வாட் ட்வீட் டீலக்ஸ் மிகப் புகழ்பெற்ற வரைபடம். குமிழைப் பாதி திருகும் முன்பே கரகரக்க ஆரம்பித்துவிடும். ப்ளூஸுக்கு அது தேன். தமிழ்ப் பாட்டின் இடையிசையில் மணி மணியாக விழ வேண்டிய கிட்டாருக்கு அது சரிவராது. உங்களுக்கு வேண்டியது அறுபதுகளின் டீலக்ஸ் ரிவெர்ப் வகை. "தெளிவான சத்தம் எதுவரை வேண்டும், கரகரப்பு எங்கே தொடங்க வேண்டும்" என்று செய்பவரிடம் வாயால் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்கும் இரண்டு பாட்டைப் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.

வாட்டுக்கு அடுத்தது மின்சாரம். நம் நாட்டில் காகிதத்தில் 230 வோல்ட். சுவரில் அளந்தால் பல இடங்களில் 240ஐ ஒட்டி இருக்கும். அமெரிக்க வரைபடங்கள் 117 வோல்ட்டுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் வரைந்தவை. இங்கே 50 ஹெர்ட்ஸ் (மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலையும்). 60க்கு என்று அளந்து சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் (மின்மாற்றி) 50இல் கூடுதலாகச் சூடாகும். எனவே "50 ஹெர்ட்ஸுக்குச் செய்த, 240 வோல்ட் முனை உள்ள டிரான்ஸ்ஃபார்மர்" என்று ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள். 240 வரும் வீட்டில் 220 முனையில் கம்பியைக் கோர்த்துவிட்டால், உள்ளே எல்லா மின்னழுத்தமும் ஒன்பது சதவீதம் ஏறிவிடும், 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய வால்வு இழை 6.9இல் எரியும். ஆம்ப் பாடும், வால்வின் ஆயுள்தான் குறையும்.

ஃபியூஸிலும் இதே கணக்கு. அமெரிக்க வரைபடத்தில் போட்டிருக்கும் அளவை அப்படியே போடக் கூடாது. வோல்ட் இரட்டித்தால் ஆம்பியர் பாதி. சுவரில் செருகும் பிளக்கிலும் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போட்டுக்கொள்ளுங்கள்.

"எனக்கு எல்லாமே அசல் மாதிரி இருக்கணும்" என்று சொல்லத் தோன்றுகிறதா? தயவுசெய்து சொல்லாதீர்கள். பழைய அமெரிக்க ஆம்புகளுக்கு இரண்டு முள் பிளக்தான், எர்த் கிடையாது. போதாததற்கு, மின்கம்பிக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) வைத்திருப்பார்கள். அது பழுதானால் மின்சாரம் நேராகக் கிட்டார் கம்பிக்கு வரும். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும் பாடகரை நினைத்துப் பாருங்கள். ஆம்ப் பழுதுபார்ப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே "சாவுக் கெப்பாசிட்டர்". உங்கள் ஆம்பில் அது இருக்கவே கூடாது. மூன்று முள், எர்த் கம்பி தனியாக இரும்பு உடலில் திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். உறுமல் போகவில்லை என்று எர்த்தை வெட்டிவிடச் சொல்லும் நண்பர் ஒருவர் கண்டிப்பாக வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அசலில் விட்டுவிட வேண்டிய இன்னொன்று, உள்ளே இருக்கும் பலகை. ஃபெண்டர் காலத்தில் மெழுகு பூசிய கறுப்பு நாரட்டையில்தான் உறுப்புகளைக் கோர்த்தார்கள். அந்த அட்டை ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த அட்டை, 300 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய கடத்தியாகிவிடும். நான் முதன்முதலில் செய்து வாங்கிய ஆம்பில் செய்தவர் அசல் பற்றுதலில் அதையே போட்டிருந்தார். வாங்கிய வருடம் நவம்பர் மழையில் அது பொரியத் தொடங்கியது. கடுகு தாளிக்கிற சத்தம். வெயில் அடித்தால் நின்றுவிடும். வால்வை மாற்றினேன், ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் குற்றவாளி அட்டை. கண்ணாடி இழைப் பலகையில் கட்டச் சொல்லுங்கள். சத்தத்தில் ஒரு குறையும் வராது. நம் ஊர்க் காற்று அதை ஒன்றும் செய்யாது. பழைய பாணிக் கார்பன் ரெசிஸ்டரும் (மின்தடை) ஈரத்திலும் சூட்டிலும் அளவு மாறும். ஓரிரு இடத்தில் ருசிக்காக இருக்கட்டும் என்பார்கள், சம்மதியுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம்.

பெட்டி? அசல் பைன் மரம். எடை குறைவு, அதிர்வும் நன்றாக இருக்கும். இங்கே மலிவாகக் கிடைக்கும் ஒட்டுப் பலகை ரப்பர் மரம். நம் தாத்தா பாட்டி அதிகாலையில் பால் வெட்டிய அதே மரத்தில் கிட்டார் பெட்டி செய்வதில் எனக்கு ஒரு சொந்தம் தெரிகிறது. ஆனால் பைனை விடக் கனம். மருந்து ஏற்றாத பலகை என்றால் பூஞ்சையும் வண்டும் தேடி வரும். மூன்றாம் மாடிக்குப் படியில் தூக்கிப் போகிறவர் பைனோடு நிற்பது முதுகுக்கு நல்லது.

ஸ்பீக்கரில் கஞ்சம் பிடிக்காதீர்கள். காதில் விழுவது அதுதான். ஓம் அளவு (மின்தடையின் அளவு) ஆம்பின் பின்பக்கம் போட்டிருப்பதோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கரைக் கோர்க்காமல் வால்வு ஆம்பை ஓட்டிச் சத்தத்தைக் கூட்டினால், விலை கூடிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வெந்துபோகலாம்.

இதையெல்லாம் இங்கே யார் செய்கிறார்கள்? உலகத்தின் வால்வு ஆம்ப் பிரியர்கள் பலருக்குத் தெரிந்த ஒரு பெயர் மலேசியாவுடையது: செரியாடோன். "செரியா" என்றால் மலாயில் மகிழ்ச்சி. ஃபெண்டர், மார்ஷல் வரைபடங்களை முழுதாகக் கட்டியும் தருகிறார்கள், உதிரித் தொகுப்பாகவும் விற்கிறார்கள். டம்பிள் ஆம்பின் நகலுக்கும் பெயர் பெற்றவர்கள். 2022இல் மறைந்த அலெக்சாண்டர் டம்பிள் கலிபோர்னியாவில் ஆயுள் முழுக்கச் செய்தது ஏறக்குறைய முந்நூறு ஆம்ப். யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாதென்று சில ஆம்புகளின் உறுப்புகள் மேல் பிசினை ஊற்றி மூடிவிடுவார். இன்று அசல் டம்பிள் ஒன்றின் விலைக்குக் கிள்ளானில் வீடு பார்க்கலாம்.

அப்படியென்றால் உதிரி வாங்கி நாமே கட்டினால் மிச்சமாகாதா? ஆகும். புடு பக்கம் ஜாலான் பசாரில் எலக்ட்ரானிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ரெசிஸ்டர், கம்பி, சோல்டர் எல்லாம் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள். ஆனால் சோல்டர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை வடிக்கத் தெரிய வேண்டும். தெரியாது என்றால், முதல் ஆம்பைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

செய்யக் கொடுத்த ஆம்பை எடுக்கப் போகும் நாளில் என்ன பார்ப்பது? கிட்டாரைக் கோர்க்காமல் குமிழைப் பாதி திருகுங்கள். அப்போதும் கனமாக உறுமினால் குறை ஆம்பில். கிட்டாரைக் கோர்த்த பிறகுதான் உறுமுகிறது, திரும்பி நின்றால் குறைகிறது என்றால் அது உங்கள் கிட்டாரின் பிக்அப். செய்தவரைக் குறை சொல்லாதீர்கள். பென்சிலால் வால்வை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். மணி அடித்த மாதிரி ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். ஒரு மணி நேரம் வாசியுங்கள். சூடான பிறகுதான் பல குறைகள் வாய் திறக்கும்.

வால்வு பின்னால் கிடைக்குமா? கிடைக்கும். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். 2022இல் ரஷ்ய ஏற்றுமதிக்குத் தடை என்ற செய்தி வந்ததும் விலை எகிறியது. அதனால் 12ஏஎக்ஸ்7, 6வி6, ஈஎல்84, ஈஎல்34 போன்ற சாதாரண வால்வில் ஓடும் ஆம்பையே கேளுங்கள். "கேத்தோட் பயாஸ்" (வால்வு தன் மின்னோட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு) வைத்ததா என்றும் கேளுங்கள். அப்படியானால் வெளியீட்டு வால்வை வீட்டிலேயே மாற்றலாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அளந்து பொருத்தச் செய்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் வைக்கும்போது பின்பக்கம் சுவரோடு ஒட்ட வேண்டாம், சூடு வெளியேற வேண்டும். மேலே தே தாரேக் கிளாஸ் வைக்காதீர்கள். உலகத்தில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று நம்முடையது. பிற்பகல் வானம் கறுத்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டு வாங்குங்கள். ஐம்பதுகளின் ஃபெண்டர் ஆம்புகளைத் திறந்தால், உள்ளே ஒரு துண்டு ஒட்டுநாடாவில் அதைக் கோர்த்த பெண்ணின் பெயர் எழுதியிருக்கும். உங்கள் ஆம்பிலும் அப்படி ஒட்டச் சொல்லுங்கள்: செய்தவர் பெயர், தேதி, எந்த முனையில் எத்தனை வோல்ட், என்ன ஃபியூஸ். கூடவே, அவர் மாற்றிய இடங்களைச் சிவப்பு மையில் குறித்த வரைபடம் ஒன்று, மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில். பதினைந்து வருடம் கழித்து அதைத் திறக்கப்போவது வேறு யாரோ.