ஒளிப்பலகையை இயக்கும் சிறு கணினி

இரயில் நிலையத்தில் அடுத்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, விற்பனைக் கூடத்தில் அன்றைய விலை என்ன, மருத்துவமனையில் அடுத்த வரிசை எண் யாது என்பன போன்ற செய்திகளை மக்களுக்கு அறிவிப்பதில் எல்.இ.டி. ஒளிப்பலகைகள் முக்கிய இடம் பெற்றுள்ளன. இவற்றை இயக்கும் நுட்பம் வல்லுநர்க்கே உரியது எனும் எண்ணம் பரவலாக உண்டு. கையடக்கமான ஒற்றைப் பலகைக் கணினிகளின் வருகை இவ்வெண்ணத்தை மாற்றி வருகிறது.

சிறு கணினியின் தோற்றம்

மாணவர்கள் குறைந்த செலவில் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்ற நோக்குடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்ட ராஸ்பெரி பை, 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 2014 முதல் இதன் முதன்மை வகைகளில் 40 இணைப்பு முனைகள் இடம் பெற்றுள்ளன. இவற்றுள் பலவற்றை நிரல் மூலம் இயக்கவும் நிறுத்தவும் இயலும். 2021 ஜனவரியில் வெளிவந்த பைக்கோ எனும் நுண்கட்டுப்பாட்டுப் பலகையின் தொடக்க விலை 4 டாலர் மட்டுமே.

பலகை ஒளிரும் முறை

64 நிரல்களும் 32 வரிசைகளும் கொண்ட ஒரு வண்ணப் பலகையில் 2,048 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் இருப்பதால் மொத்தம் 6,144 விளக்குகளாகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே இரண்டிரண்டு வரிசைகளாக, 16 படிகளில், மாறி மாறி ஒளிரச் செய்கின்றனர். இச்சுற்று வினாடிக்கு நூறு முறைக்கு மேல் நிகழும்போது பலகை முழுவதும் ஒருசேர ஒளிர்வதாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது.

இதில் காலத் துல்லியம் இன்றியமையாதது. இயங்குதளம் உள்ள கணினி பல பணிகளைப் பகிர்ந்து செய்வதால் சில வேளைகளில் சுற்று தாமதமாகிப் பலகை மினுங்கக்கூடும். பைக்கோ போன்ற பலகைகளில் காலக்கணிப்புக்கெனத் தனி உறுப்புகள் இருப்பதால் இக்குறை பெரிதும் நீங்குகிறது. செய்தியைத் தொகுக்கும் பணியை ஒன்றுக்கும் ஒளிரச் செய்யும் பணியை மற்றொன்றுக்கும் ஒப்படைப்பதும் உண்டு.

மின்சாரத்திலும் கவனம் தேவை. மேற்கூறிய பலகை முழு வெண்மையில் ஒளிரும்போது 5 வோல்ட்டில் ஏறத்தாழ 4 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். எனவே அதற்குத் தனி மின்வழங்கி வேண்டும். கணினியின் முனைகள் 3.3 வோல்ட்டிலும் பலகை 5 வோல்ட்டிலும் இயங்குவதால் இடையே மின்னழுத்த மாற்றுச் சில்லு ஒன்றை அமைப்பது நலம்.

மொழியே முதன்மைச் சிக்கல்

நம் நாட்டைப் பொறுத்தவரை விளக்கை எரிய வைப்பதைவிட எழுத்தைப் பிழையின்றிக் காட்டுவதே கடினமானது. ஆங்கில எழுத்துக்கு 5 நிரல், 7 வரிசை போதுமானது. தமிழ், தேவநாகரி எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால் 16 வரிசைகளேனும் இருந்தால்தான் தெளிவு கிட்டும்.

மேலும், ஒருங்குறி முறையில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் அடுத்து ஒற்றைக் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. காட்டும்போதோ கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' எழுத்தின் குறி இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். குறிகளை வந்த வரிசையிலேயே அச்சிடும் நிரல் சொற்களைச் சிதைத்துவிடும். வரி முழுவதையும் எழுத்துருவாக்க நிரலகத்தின் வழியே படமாக்கி, அப்படத்தைப் பலகைக்கு அனுப்புவதே இதற்குத் தீர்வாகும். பைத்தான் மொழியில் இதனைச் சில வரிகளிலேயே எழுதிவிடலாம்.

தாய்மொழி மட்டுமே அறிந்த பயணிக்கும் உழவருக்கும் சிதைந்த எழுத்து பயன் தராது. பலகை ஒளிர்ந்தும் செய்தி சேராவிடில் செலவிட்ட பொதுப் பணம் வீணே.

செய்யத்தக்கவை

ஒளிப்பலகை வாங்கும் அலுவலகங்கள் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில் சிலவற்றைச் சேர்ப்பது பயனளிக்கும். மூல நிரல், சுற்று வரைபடம், கடவுச்சொல் ஆகியவை அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒருங்குறி உள்ளீடு கட்டாயமாக்கப்பட வேண்டும். வட்டார மொழியில் சோதனை வாசகங்களை ஒளிரச் செய்து, மொழி அறிந்தவர் சரிபார்த்த பின்னரே பலகை ஏற்கப்பட வேண்டும். இவை இல்லையெனில் சிறு பழுதுக்கும் விற்றவரையே எதிர்நோக்க நேரிடும்.

பழுது நீக்கும் திறனைப் பள்ளிப் பருவத்திலேயே வளர்க்கவும் வழி உள்ளது. 2016இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்க்கென 10,000 ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என 2025-26 வரவு-செலவுத் திட்டம் அறிவித்தது. பள்ளி அறிவிப்பைத் தம் மொழியில் ஒளிரச் செய்யும் பயிற்சி, மின்னியல், கணிதம், மொழி ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்க வல்லது. கருவியை வாங்குவதோடு அதனை இயக்கவும் திருத்தவும் அறிந்தோரை ஊர்தோறும் உருவாக்கினால்தான் ஒளிப்பலகைகள் மக்களுக்கு நீடித்துப் பயன்படும்.