நான்கு நிமிடச் சவாரிக்கு ஒரு மணி நேர வரிசை

பாரிஸ் அருகே 1992இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டில் 'பிக் தண்டர் மவுண்டன்' சவாரி சுமார் 4 நிமிடந்தான். விடுமுறை நாட்களில் அதற்கான வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். நிற்பது தகுமா?

எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பே நீண்டதாகத் தோன்றும் என 1985இல் முகாமைத்துவ அறிஞர் டேவிட் மைஸ்டர் எழுதினார். முகாமில் தண்ணீருக்கும் 2022இல் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நமக்கு அது புதிதல்ல. அங்கே நேரம் சொல்ல ஆளில்லை, விலகிப்போகவும் வழியில்லை. பூங்காவிலோ, காத்திருக்கும் நேரத்தை வாசற்பலகையே சொல்லிவிடும். விருப்பமில்லையென்றால் திரும்பலாம்.

ஆகவே பிள்ளைகள் கேட்டால் 40 நிமிடம் வரை நான் நிற்பேன். அதற்கு மேலென்றால், கூட்டம் குறையும் நேரமான காலை திறந்தவுடனோ, மாலை மூடுவதற்குச் சற்று முன்னரோ போவேன்.